சேற்றில் கிடந்த சிவப்பு

தன் பறவைப் படங்களில் வாமதேவன் ஒரு மனிதனைக்கூட விட்டுவைத்ததில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு மனிதர்களைப் படம்பிடிப்பதுதான் வேலை. ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், நகைக்கடை ஒன்றுக்கும் சேலைக்கடை ஒன்றுக்கும் நடுவே சயந்தினியின் ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போட் படம், கலியாண அல்பம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அல்பம். எட்டு வருடமாக அங்கே கமெராவுக்குப் பின்னாலும் கணினிக்கு முன்னாலும் இருப்பவர் வாமதேவன். பரு அழிப்பார். வழுக்கையில் மயிர் வளர்ப்பார். விவாகரத்துக்குப் பிறகு குடும்பப் படத்திலிருந்து மருமகனை எடுத்துவிட்டு, அவன் நின்ற இடத்துக்குக் குத்துவிளக்கை நகர்த்துவார். "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ அண்ணை" என்று தாய்மார் கேட்பார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் தோலே ஒரு பிழை என்று ஒரு குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. வாமதேவன் வாய் திறக்காமல் வெள்ளையாக்கிக் கொடுப்பார். வாய் திறக்காமல் இருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

ஞாயிறு மட்டும் அவருடையது. அன்று காலை பெக்டனுக்கு பஸ் எடுத்து, அங்கிருந்து நடந்து, ரோடிங் ஆறு தேம்ஸில் விழும் இடத்துக்குப் போவார். வற்று நேரத்தில் அங்கே சேறு வெளியே வரும். சேற்றில் நீண்ட அலகால் குத்திப் புழுவும் நத்தையும் தேடும் பறவைகள் வரும். நாங்கள் எல்லாவற்றையும் பொதுவாக உள்ளான் என்றுவிடுவோம்; அவர் பெயர் பிரித்துச் சொல்வார். அவருக்குப் பிடித்தது பவளக்காலி. மண்நிற உடம்பு, செந்நிறக் கால். பறந்தால் சிறகின் ஓரம் வெள்ளையாக விரியும்.

வீட்டுக்கு வந்து படங்களைத் திருத்துவதில் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மங்கலான வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்குவார். கண்ணைக் கூர்மையாக்குவார். பறவையின் நிறத்தில் மட்டும் கைவைக்கமாட்டார். ஆனால் பின்னால் ஒரு ஆள் நின்றால், நாயுடன் ஒருத்தி நடந்தால், ஒரு வாகனத்தின் மூலை தெரிந்தால், பக்கத்துச் சேற்றைப் பிரதியெடுத்து அதன்மேல் பூசிவிடுவார். பூசி முடிந்ததும் மூலப் படங்களையெல்லாம் அழிப்பார். குப்பைக் கூடையையும் வெறுமையாக்குவார். பிறகு கமெராவின் கார்டையும் துடைத்துவிடுவார். திருத்திய ஒரே ஒரு படம்தான் மிஞ்சும்.

"அண்ணை, உங்கட லண்டனிலை ஆக்களே இல்லை" என்பாள் சயந்தினி. "கொரோனா நேரம் எடுத்த படம் மாதிரிக் கிடக்கு."

"குருவி பார்க்கப் போனால் குருவியைத்தானே பார்க்கவேணும்" என்பார் அவர்.

உண்மையான காரணம் வேறு. தொண்ணூற்றேழில் யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு சிறிய ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தார். ஒருநாள் இராணுவம் கடையைச் சோதித்தது. நெகட்டிவ் ஒன்றில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால், பந்தலில் கட்டிய இரண்டு வாழைகளுக்கு நடுவில், இராணுவத்தின் ஒரு காவலரணும் அதன் மணல்மூட்டைகளும் விழுந்திருந்தன. யார் எடுத்த படம் என்று கேட்டார்கள். முதலாளியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் போனது, அவர் திரும்பவில்லை. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை, உடலும் இல்லை. ஒரு கலியாணப் படத்துக்காக.

வாமதேவனின் மனைவி தவமலர் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். கதவு தட்டும் சத்தத்துக்குக் கணவன் திடுக்கிடுவதற்குக் காரணம் ஏழரைச் சனி என்று அவர் நம்புகிறார். சனிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, இப்போது ஓய்வூதியமும் உண்டு.

பத்மநாதன் அந்தப் பயத்துக்குள் வந்தது ஒரு பாஸ்போட் படத்தின் மூலம். மகளைப் படமெடுக்கக் கூட்டிவந்தவர், சுவரில் மாட்டியிருந்த பவளக்காலியைப் பார்த்தார்.

"உது எங்கட யாட்டுக்குப் பின்பக்கம் கூட்டமா நிக்குமே அண்ணை. நான் நிலம் கூட்டிக்கொண்டு நிக்கிறன், அதுகள் பயமில்லாமல் நடந்து திரியும்."

"எந்த யாட்?"

ஆற்றோரத்தில் கட்டடக் கழிவு சேர்க்கும் ஒரு கம்பெனியின் திறந்த யாட்டில் அவர் துப்புரவு வேலை செய்கிறார். யாட்டின் பின்புறச் சுவருக்கு அப்பால் ஆற்றின் ஒரு சிறு வளைவு. பொதுப்பாதையில் இருந்து அது தெரியாது. பறவைகளுக்கு அங்கே மனிதத் தொல்லை இல்லை. பின் கேற்றுக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனி நம்பர், அடித்தால் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை யாட் பூட்டு.

"என்ரை நம்பரைத் தாறன். போட்டு வாங்கோ. கேற்றை மட்டும் வடிவாச் சாத்திவிடுங்கோ."

"பிரச்சினை வராதோ?"

"குருவி என்ன, பொலிசிலை போய்ச் சொல்லுமே?"

வாமதேவன் மூன்று ஞாயிறு யோசித்தார். அப்போது அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் போயிருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் இந்த நாட்டுக்கு வந்தவர். இரண்டு முறை மறுத்தார்கள். ஏழு வருடம் கழித்து அகதி என்று ஏற்றார்கள். பதினைந்து வருடம் வரிசையில் நின்றவனிடம் அந்தப் படிவம் 'நீ நல்லவனா' என்று கேட்கிறது. நல்லவர் அல்ல என்று கருதத்தக்க எதையேனும் செய்ததுண்டா? 'இல்லை' என்று எழுதியிருந்தார். நான்காவது ஞாயிறு, நவம்பர் நடுவில், காலை ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பத்மநாதனின் நம்பரை அடித்துக் கேற்றைத் திறந்தார்.

சுவரோரம் படுத்தார். கமெராவுக்கு முட்டுக்கொடுக்க மற்றவர்கள் மணல் பை கொண்டுபோவார்கள். அவர் துணிப்பையில் பச்சையரிசி நிரப்பிக் கொண்டுபோவார். வெளிச்சம் வந்தபோது எதிரே முப்பது பவளக்காலிகள் இருந்தன. ஒரு மணித்தியாலம் அவருக்குப் பயம் என்ற ஒன்றே இருக்கவில்லை.

எட்டு மணிக்குப் பிறகு வளைவின் மறுகரை வரை நீளும் யாட்டின் தளத்தில், சிவப்பு வான் வண்டி ஒன்று வந்து நின்றது. மஞ்சள் மேற்சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். வாமதேவனுக்குச் சட்டையின் நிறம்கூடத் தெரியவில்லை. சீருடை என்பது மட்டும் தெரிந்தது. உடம்பைச் சுவரோடு ஒட்டினார். கமெராவை எடுத்து மறைக்கப் பயம், அசைந்தால் தெரிந்துவிடும். விரல் பட்டனிலேயே இருந்தது. அவர்கள் பீப்பாய்களைச் சரித்து எதையோ ஆற்றில் ஊற்றினார்கள். ஒரு பவளக்காலி சிறகு விரித்தது. விரல் அழுத்திவிட்டது. அது பழக்கம். அவர்கள் போய் அரை மணி கழித்துத்தான் எழுந்தார்.

அன்று பின்னேரமே படத்தைத் திருத்தினார். முதலில் ஆட்களை எடுத்தார், பிறகு பீப்பாய்களை, பிறகு வானை. சேற்றை அள்ளி அள்ளி மேலே பூசினார். தன் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் என்று அவருக்குத் தெரிந்தது. மூலங்களை அழித்தார். கார்டைத் துடைத்தார். அந்த வாரமே ஊர்ச் சங்கத்தின் கலண்டருக்கு அது போனது. டிசம்பர் முதல் வாரம் நானூறு பிரதி அச்சாகி வந்தது. தை, அதாவது ஜனவரி மாதப் பக்கத்தில் பவளக்காலி.

கலண்டர் அச்சகத்தில் இருந்தபோதே ஆற்றோரத்தில் செத்த பறவைகள் ஒதுங்கத் தொடங்கின. அறுபதுக்கு மேல் என்று உள்ளூர்ச் செய்தி சொன்னது. இறகில் ஏதோ இரசாயனம். அதிகாரிகள் கரையோரம் நடந்து விசாரிக்கிறார்கள் என்றும் சொன்னது. வாமதேவன் கமெராவைத் துவாயில் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஆற்றுப் பக்கம் போகவில்லை.

தை முடியும்போது செய்தியில் யாட் முதலாளியின் படம் வந்தது. தன் தொழிலாளி ஒருவன் வெளியாட்களிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கேற்றைத் திறந்து கழிவு கொட்டவிட்டிருக்கிறான், தனக்கு மிகுந்த மனவேதனை என்று அவர் சொல்லியிருந்தார். ஆதாரம் கேற்றின் பதிவு. அந்த ஞாயிறு முழுவதும் ஒரே ஒரு நம்பர்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. ஆறு ஐம்பத்திரண்டு. பத்மநாதன்.

வாமதேவன் அந்த முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைத்தான் அவர் சேற்றால் பூசியிருந்தார். முதலாளி வந்தது திறப்புப் போட்டுத் திறக்கிற முன்பக்கக் கேற்றால். அதற்குப் பதிவு இல்லை. பதிவில் இருந்த நம்பரை அடித்தது வாமதேவனின் விரல்.

அழித்தாயிற்றே, இனி ஒன்றும் செய்ய ஏலாதே என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தார். வேறு யாராயிருந்தாலும் அதை நம்பியிருப்பார்கள். கலியாணவீட்டுப் படங்கள் இருந்த கமெராக் கார்டைத் தவறுதலாகத் துடைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு அந்தப் படங்களை மீட்டுக் கொடுப்பதும் அந்த ஸ்டூடியோவில் அவர் வேலைதான். துடைத்த கார்டில் படம் உடனே போய்விடுவதில்லை. அதன் மேல் புதிய படம் விழும்வரை கிடக்கும். பயத்தில் அவர் நவம்பருக்குப் பிறகு கமெராவைத் தொடவேயில்லை. அதனால் எல்லாம் அப்படியே கிடந்தது.

பெப்ரவரியில் ஒரு பகல், பத்மநாதனின் மனைவி பிரசாந்தினி ஸ்டூடியோவுக்கு வந்தார். சயந்தினி மத்தியானச் சாப்பாடு வாங்கப் போயிருந்தாள்.

"ஏதும் படம் எடுக்கவேணுமோ, தங்கச்சி?" என்று கேட்டார் வாமதேவன்.

"இல்லை அண்ணை. அவர்தான் என்னை அனுப்பினவர்." பிரசாந்தினி கதவைச் சாத்தினார். "உங்கட பேரைச் சொல்லேல்லையாம். சொல்லவும் மாட்டாராம். அதைச் சொல்லிப்போட்டு வரச் சொன்னவர்."

வாமதேவன் ஒரு கதிரையை அவர் பக்கம் இழுத்துவிட்டார்.

"அவர் அண்டைக்கு எங்கை நிண்டவர்?"

"வீட்டிலை. குறட்டை விட்டுக்கொண்டு. நான் சாட்சி. பெண்சாதி சொன்னால் ஆர் நம்புவினம்?" அவர் சிரிக்க முயன்றார். "நம்பரை ஆருக்கும் குடுத்தனியோ எண்டு கேட்டிருக்கினம். இல்லை எண்டிட்டார். உங்களுக்கு அந்தப் பிரஜாவுரிமைப் பேப்பர் வரவேணுமாம். எங்கட விசா ஆவணிக்கு முடியுது. குற்றம் எண்டு தீர்த்தால் புதுப்பிக்கமாட்டினம். தனக்கு வந்தது உங்களுக்கும் ஏன் வரவேணும் எண்டு கேக்கிறார், விசரன்."

பிறகு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். பெப்ரவரி பிறந்தும் தை மாதப் பக்கத்தைச் சயந்தினி திருப்பவில்லை, படம் வடிவென்று.

"இது எங்கட யாட்டுப் பின்பக்கம் எல்லே? எவ்வளவு துப்புரவா இருக்கு." கிட்டப் போனார். "குருவிக்குக் கீழை உதென்ன அண்ணை, சிவப்பா?"

"காலின்ரை நிழல்."

"இவ்வளவு பெரிசோ?"

அவர் போன பிறகு வாமதேவன் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பறவையின் செந்நிறக் கால்களைச் சுற்றி, ஈரச் சேற்றின் மினுக்கத்தில், செவ்வகமாய் ஒரு சிவப்பு கிடந்தது. வானை அழித்தவர் ஈரத்தில் விழுந்திருந்த வானின் பிம்பத்தை விட்டுவிட்டார். பறவையின் நிறத்தில் கைவைக்கக்கூடாது என்ற தன் விதியால், காலருகே இருந்த சிவப்பெல்லாம் கால் என்று தொடாமல் விட்டிருந்தார். படத்தில் வான் இல்லை. வானின் சிவப்பு இருந்தது.

அன்றிலிருந்து ஈஸ்ட் ஹாம் முழுவதும் அந்தச் சிவப்பு அவரைப் பார்த்தது. மரக்கறிக் கடையில், காசு வாங்கும் பெண்ணின் தலைக்கு மேல். முடிவெட்டும் இடத்தில், கண்ணாடிக்குள் தலைகீழாகாமல் இடவலம் மாறி. தெரிந்த ஒருவரின் வீட்டுக் குசினியில். மரக்கறிக் கடைக்காரரிடம், "மாசம் மாறிட்டுது, பக்கத்தைத் திருப்பிவிடுங்கோவன்" என்று கேட்டார்.

"நல்ல குருவி, நிக்கட்டுமே" என்றார் கடைக்காரர். "என்ன, உங்கட படத்திலை உங்களுக்கே வெறுப்போ?"

வாமதேவன் கத்தரிக்காயை விட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ்சில் ஒரு பொலிஸ்காரர் ஏறினால் அடுத்த தரிப்பில் இறங்கினார்.

"என்னப்பா, உங்களுக்கு ஏதோ சரியில்லை" என்றார் தவமலர். "இண்டைக்குச் சனிக்கிழமை விட்டுப்போச்சு, நாளைக்கெண்டாலும் கோயிலிலை எள்ளெண்ணெய் எரிக்கிறன்."

"எரியும். எண்ணெய் தானே" என்றார் வாமதேவன்.

மறுநாள் ஞாயிறு. தவமலர் கோயிலுக்குப் போனதும் சூட்கேசைத் திறந்தார். குசினி மேசையில் கமெராவை வைத்தார். அவர் செய்யப்போவது என்ன என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தால் வினாடிக்குப் பத்துப் படம். எதை எடுத்தாலும் சரி, சுவரை எடுத்தாலும் சரி, சில நிமிடங்களில் கார்ட் நிரம்பிவிடும். நவம்பரின் மேல் சுவர் விழுந்துவிடும். பிறகு மீட்க உலகத்தில் எவராலும் முடியாது. பத்மநாதன் சொல்லப்போவதில்லை. கலண்டரில் இருப்பது வெறும் சிவப்பு.

கமெராவைக் கண்ணில் வைத்தார். எதிர்ச்சுவரில், தவமலரும் பக்கம் திருப்பாத அவர்கள் வீட்டுக் கலண்டர் இருந்தது. அந்தக் கமெரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வகை. அச்சுப் பறவைக்கும் உயிர்ப் பறவைக்கும் அதற்கு வித்தியாசம் இல்லை. சின்னப் பச்சைச் சதுரம் பவளக்காலியின் கண்ணில் போய் நின்றது. அவர் அழுத்தினார்.

சடசடவென்று ஓடியது. தன் கையில் இருந்துதான் அந்தச் சத்தம் வருகிறது என்று உணர்ந்தபோது விரலை எடுத்தார். பதின்மூன்று படங்கள்.

அவரை நிறுத்தியது துணிவு அல்ல. அப்படிச் சொன்னால் பொய். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ முதலாளியின் குரல் நினைவுக்கு வந்தது. யார் எடுத்த படம் என்று கேட்டபோது முதலாளி சொன்னது மூன்றே சொல். "படம் நான்தான் எடுத்தனான்." அவர் எடுக்கவில்லை. அந்தக் கலியாணத்துக்குப் போனது இருபத்துநான்கு வயது உதவியாளன் வாமதேவன். படம் எடுத்தவனும் அவன். படம் கழுவும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது சிந்தாமல் இருப்பதே தன் வேலை என்பதுபோல், ஜீப் புறப்படும்வரை நின்றவனும் அவன். இதை அவர் தவமலருக்குச் சொன்னதில்லை. இந்த நாட்டு அதிகாரிகளுக்கு எழுதிய எந்த வாக்குமூலத்திலும் சொன்னதில்லை. இப்போது இன்னொருவன் அவருக்காக வாய் மூடிக்கொண்டிருந்தான். அவரோ மறுபடியும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார்டைப் பிடுங்கிக் கணினியில் போட்டார். மீட்கும் நிரலை ஓடவிட்டார். பதின்மூன்று புதிய படங்கள் எந்தப் பதின்மூன்றின் மேல் விழுந்தன? நீலக்கோடு மெல்ல நகர்ந்தது. மூன்று மாதமாக அந்தப் படங்கள் இருக்குமோ என்று பயந்தவர், இப்போது இல்லாமல் போயிருக்குமோ என்று பயந்தார். இரண்டாவது பயம் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது.

அறுபத்தொரு படங்களில் நாற்பத்தெட்டு வந்தன. முதல் பதின்மூன்றும் போய்விட்டன. அவை வான் வருவதற்கு முன் எடுத்த பறவைகள். முப்பதாவது படத்தில் வான் நின்றது. இலக்கத்தகடு தெரிந்தது. நாற்பத்திரண்டாவதில் முதலாளியின் முகம், பீப்பாய், பீப்பாயின் வாயிலிருந்து தொங்கும் கருமையான நீர். எல்லாவற்றுக்கும் முன்னால், சிறகு விரித்த பவளக்காலி.

தவமலர் நெற்றியில் திருநீற்றோடு வந்தபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆற்றை மட்டுமல்ல, ஜீப்பையும். தவமலர் செருப்பைக் கழற்ற மறந்து கதிரையில் இருந்தார்.

"இருவத்தெட்டு வருசம்" என்றார் கடைசியில். "பக்கத்திலை கிடந்திருக்கிறியள், எனக்குச் சொல்லேல்லை."

"பயம்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

தவமலர் எழுந்து தேத்தண்ணி போட்டார். "பத்மநாதன்ரை பெட்டைக்கு எத்தினை வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆறு."

"அப்ப போங்கோ."

சட்டத்தரணி ஹம்சாவின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. திருச்சிக்காரர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்; பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நேரா சொல்றேன். இது பத்மநாதனைக் காப்பாத்தும். உங்களைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாது."

"கேற்றுக்குள்ளை போனது குற்றமோ?"

"அது சின்ன விஷயம். மூணு மாசம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களே, அதைத்தான் கேப்பாங்க. உங்க விண்ணப்பத்துக்கு என்ன ஆகும்னு என்னால உறுதி குடுக்க முடியாது. யோசிச்சுட்டு வர்றீங்களா?"

"யோசிச்சால் வரமாட்டன்" என்றார் வாமதேவன்.

விசாரணை அறையில் ஜன்னல் இருந்தது. அவர் முதலில் பார்த்தது அதைத்தான். பிறகு கதவை, அது பூட்டப்படவில்லை. அதிகாரி நடுத்தர வயதுப் பெண், மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையான குரலை நம்புவதற்கு வாமதேவனின் உடம்பு பழகியிருக்கவில்லை. ஹம்சா ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் பக்கம் தள்ளினார்.

அதிகாரி கலண்டர் படத்தையும் மீட்ட படத்தையும் அருகருகே வைத்தார். பிறகு, மனிதர்களை இவ்வளவு சுத்தமாக அழிக்கத் தெரிந்தவருக்கு மனிதர்களைச் சேர்க்கவும் தெரியாதா என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. எவரும் கேட்கவேண்டிய கேள்வி. எட்டு வருடம் இல்லாததை இருப்பதாயும் இருப்பதை இல்லாததாயும் ஆக்கிச் சம்பாதித்த மனிதன், இது உண்மை என்று எந்த வாயால் சொல்வது?

வாமதேவன் தண்ணீர் குடித்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினார்; அது தொழிலின் மொழி. இது கமெரா எழுதும் மூலக் கோப்பு, நான் திருத்திய படமல்ல. கார்டையே தருகிறேன், உங்கள் ஆட்களைக்கொண்டு சோதியுங்கள். வான் வந்த பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் இவர்கள் அசைகிறார்கள், வெளிச்சம் அசைகிறது, பறவை அசைகிறது. கலண்டரை விரித்து விரலை வைத்தார். இது டிசம்பர் முதல் வாரம் அச்சானது. யாட் முதலாளி வாய் திறந்தது தை மாதக் கடைசியில். இந்தச் சிவப்பைப் பாருங்கள். இது காலின் நிறமல்ல. கால் இதைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்தது. மேலே சிவப்பாக ஒன்றும் இல்லாதபோது கீழே ஈரத்தில் சிவப்பு எப்படி வந்தது? பொய் சேர்க்க வந்தவன் இந்தப் பிழையை விட்டிருப்பானா? இது அழிக்க வந்தவன் விட்ட பிழை.

விரல் சிவப்பை விட்டு விலகவில்லை.

அதிகாரி பூதக்கண்ணாடி கேட்டார். வாமதேவன் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். பார்த்து முடித்து, எதையோ எழுதிக்கொண்டு, அன்று காலை ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பின் கேற்றில் அந்த நம்பரை அடித்தது யார், இந்தப் படங்களை எடுத்தது யார் என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் சொல்லத்தான் ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தபோது தமிழ்தான் வந்தது.

"நான்தான் அடிச்சனான். படம் நான்தான் எடுத்தனான்."

ஹம்சா மொழிபெயர்த்தார். அதிகாரி தலையசைத்து எழுதினார். ஜீப் ஒன்றும் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவரை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ரயில் ஸ்டேஷன் வரை நடந்துவந்து, பிளாட்ஃபாரத்துக் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

வைகாசியில் பத்மநாதன் மீதான குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். யாட் முதலாளி மேல் வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். நம்பரைக் கொடுத்ததற்காகப் பத்மநாதனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆற்றில் நஞ்சு ஊற்றியவருக்கு யாட் இன்னும் இருக்கிறது; கேற்றைச் சாத்தச் சொன்னவனுக்கு வேலை இல்லை. தென் லண்டனில், மிட்சமில், ஒரு கடையில் இப்போது பெட்டி தூக்குகிறார். ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார், விசா விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க.

"கேற் நம்பரை மாத்திப்போட்டாங்களாம் அண்ணை. இனி உங்களுக்கு நான் உதவேலாது."

"நேராய் இருங்கோ. நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ."

"என்னையும் அழிச்சுப்போடாதேங்கோ, என்ன."

வாமதேவன் சிரித்தார். அந்தப் படத்தில் அவர் எதையும் திருத்தவில்லை, கன்னத்துத் தழும்பைக்கூட.

அவருடைய சொந்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஹம்சா நடந்ததை எழுதி அனுப்பிவிட்டார், பொறுத்திருங்கள் என்கிறார். காலையில் கடிதம் போடும் துவாரத்தின் மூடி டக்கென்று விழும்போது, குசினியில் நிற்கும் வாமதேவனின் கை அப்படியே நின்றுவிடுகிறது. தவமலர்தான் போய் எடுக்கிறார். உறைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

"இண்டைக்கும் இல்லை. பிட்சாக்காரன்ரை நோட்டீஸ்."

வாமதேவன் மறுபடி தேத்தண்ணியைக் கலக்கத் தொடங்குகிறார்.